எஸ்பாசெநெட்: கண்டுபிடிக்கத் தொடங்கும் முன்பே திறக்க வேண்டிய காப்புரிமை நூலகம்

மடக்கி எடுத்துச் செல்லும் வாக்கரின் கால்களை ஒரே கையால் பூட்டவும் திறக்கவும் ஏற்ற ஒரு பொறியமைப்பை நாங்கள் மூன்று பேர் உருவாக்கிக்கொண்டிருந்தோம். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்கள், வாக்கரை மடக்குவதற்குக்கூட இன்னொருவரை எதிர்பார்த்து நிற்பதை அருகிலிருந்து பார்த்ததால் எழுந்த முயற்சி அது. எட்டு மாத உழைப்புக்குப் பிறகு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் ஒரு மாலை எஸ்பாசெநெட் தளத்தில் தேடியபோது, எங்கள் அமைப்பின் பெரும்பகுதியை வேறொருவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வரைந்து, விளக்கி, உரிமையும் பெற்றிருந்ததைக் கண்டோம். அந்த உரிமை எப்போதோ காலாவதியாகியிருந்தது. அன்று மனம் மிகவும் சோர்ந்துபோனது உண்மை. ஆனால் அந்த ஆவணத்தின் நான்காம் பக்கத்தில், பயனாளி தன் எடையை வாக்கரின் சட்டகத்தின் மேல் சாய்த்திருக்கும்போது பூட்டு ஊசி துளைக்குள் இறுகிக்கொள்ளும் சிக்கலையும், அதைத் தவிர்க்க ஊசியின் முனையைச் சற்றே சரிவாகச் சீவ வேண்டும் என்பதையும் அவர் எழுதியிருந்தார். எங்கள் மாதிரியில் இரண்டு மாதங்களாக விடை தெரியாமல் தவித்த சிக்கல் அதுவேதான். அன்று முதல் ஆறு ஆண்டுகளாக இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதும் மதிப்புரை இது.

எஸ்பாசெநெட் என்பது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998 முதல் நடத்திவரும் தேடல் சேவை. 1782-ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை உலகின் பல நாடுகளில் வெளியான 15 கோடிக்கும் மேற்பட்ட காப்புரிமை ஆவணங்கள் இதில் உள்ளன. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. பெயரில் ஐரோப்பா இருந்தாலும் அமெரிக்க, ஜப்பானிய, சீன, கொரிய ஆவணங்களும் இதே தேடலில் கிடைக்கின்றன. இதை வழக்கறிஞர்களுக்கான கருவி என்று பலர் எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் இது முதலில் பட்டறையில் இருப்பவருக்கும், ஆய்வகத்தில் இருப்பவருக்கும் உரியது. வழக்கறிஞருக்கு அதற்கு அடுத்தபடியாகத்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காப்புரிமை என்னும் ஏற்பாட்டின் அடிப்படையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெனிஸ் நகரக் குடியரசு 1474-இல் இயற்றிய சட்டம், புதிய கருவியை உருவாக்கி அரசுக்குத் தெரிவிப்பவருக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பை அளித்தது. இங்கிலாந்தின் 1624-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பதினான்கு ஆண்டுகளாக வகுத்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்த பின், விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது இருபது ஆண்டுகள் என்பது உறுப்பு நாடுகளின் பொது அளவாயிற்று. இந்த ஆண்டுக் கணக்கையே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த உரிமைக்கு விலையாகக் கண்டுபிடிப்பாளர் எதைக் கொடுக்கிறார் என்பது பேச்சில் வருவதே இல்லை. தன் துறையில் தேர்ந்த இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக, தன் கண்டுபிடிப்பு முழுவதையும் அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான நாடுகளில், முதல் விண்ணப்ப நாளிலிருந்து 18 மாதங்களில் அந்த எழுத்து பொதுவெளிக்கு வந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால், நல்ல வழிமுறை ஒன்றைக் கண்டவர் அதை வணிக ரகசியமாகவே பூட்டி வைப்பார். அவரோடு அது மறைந்துபோகவும் கூடும். உரிமை என்னும் ஊக்கம் ஒருவருக்குக் கிடைக்கிறது. எழுத்து என்னும் பயன் மற்ற எல்லோருக்கும் கிடைக்கிறது. அந்த இரண்டாம் பாதி கைக்கு வந்து சேரும் இடம்தான் எஸ்பாசெநெட்.

இதற்குச் சிறந்த சான்றாக நான் எப்போதும் காட்டுவது, இதே தளத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கும் ஓர் ஆவணம்: செஸ்டர் கார்ல்சனின் அமெரிக்கக் காப்புரிமை, எண் 2,297,691. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த கார்ல்சனுக்குக் கிட்டப்பார்வையும் முதுகெலும்பில் மூட்டுவாதமும் இருந்தன. காப்புரிமை ஆவணங்களுக்குப் போதிய பிரதிகள் ஒருபோதும் இருந்ததில்லை. கையால் பார்த்தெழுதுவதோ அவருக்குப் பெருந்துன்பம். பிரதி எடுக்க எளிய வழி வேண்டும் என்ற தேவை அங்கேதான் பிறந்தது. 1938 அக்டோபர் 22 அன்று, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, எழுதிய கண்ணாடித் துண்டொன்றை அதன் மேல் வைத்து ஒளி பாய்ச்சி, மெல்லிய பொடியைத் தூவியபோது, முதல் உலர் நகல் கிடைத்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பித்தார். 1942-இல் உரிமை வந்தது. இதற்கிடையில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944-இல் பாட்டெல் ஆய்வு நிறுவனமும், பின்னர் ஹாலாய்டு என்னும் சிறு நிறுவனமும் கைகொடுத்தன. அந்த ஹாலாய்டுதான் பிற்காலத்தில் ஜெராக்ஸ் ஆனது. 1959-இல் 914 என்னும் நகலெடுக்கும் இயந்திரம் சந்தைக்கு வந்தது.

பண வசதியோ ஆய்வகமோ இல்லாத ஒரு தனிமனிதர், இருபது பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டித் தன் கண்டுபிடிப்பை ஒளிவுமறைவின்றி விளக்க முடிந்தது எப்படி? கையில் முதலில் விண்ணப்பமும் பிறகு உரிமையும் இருந்ததால்தான். அது இல்லாமல் விளக்கியிருந்தால், மறுத்தவர்களில் யாரேனும் ஒருவர் தானே செய்துகொண்டிருக்கலாம். விளக்காமல் இருந்திருந்தால், முதலீடு செய்ய எவரும் முன்வந்திருக்க மாட்டார். அப்போதைய அமெரிக்க விதிப்படி, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளே உரிமை. ஆகவே 914 வெளிவந்த அதே ஆண்டில் அந்த அடிப்படைக் காப்புரிமை முடிந்துபோனது. இடைப்பட்ட காலத்தில் செய்த மேம்பாடுகளுக்குத் தனித்தனியாகப் பெற்ற காப்புரிமைகளே பிறகு அந்த நிறுவனத்தைக் காத்தன. எஸ்பாசெநெட்டில் இந்த ஆவணத்தின் மூலப்பிரதியைத் திறந்து படங்களையும் விளக்கத்தையும் பொறுமையாகப் பார்க்கும்படி புதியவர்களுக்குச் சொல்வேன். எவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு அந்தச் சோதனை நடந்தது என்பதை அதிலிருந்தே உணரலாம்.

இனி, பயன்படுத்தும் முறை. முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் நமக்குத் தோன்றும் சொற்களை இட்டுத் தேடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஏமாற்றம் தொடங்குவதும் அங்கேதான். காப்புரிமை எழுதுபவர்கள் பாதுகாப்பின் எல்லை சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பொதுச் சொற்களையே தேர்ந்தெடுப்பார்கள். நாம் ஊசி என்பதை அவர்கள் ‘இணைப்பு உறுப்பு’ என்பார்கள். நாம் வாக்கர் என்பதை ‘நடமாட்டத் துணைக் கருவி’ என்பார்கள். எங்களுக்கு முன்பு கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித் தந்த ஒரு நிறுவனம், ‘ஒரு கையால்’, ‘மடக்கும்’ என்று நாங்கள் சொன்ன சொற்களை மட்டுமே வைத்துத் தேடி, நாற்பது பக்க அறிக்கையில் ‘இதுபோல் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தது. அதை நம்பியே அந்த எட்டு மாதங்களையும் செலவிட்டோம்.

நாங்கள் தேடியதைக் கண்டெடுத்தது வகைப்பாட்டுத் தேடல். உலகக் காப்புரிமை ஆவணங்கள் அனைத்தும் அவற்றின் பொருளுக்கேற்பப் பிரிக்கப்பட்டு, குறியீடு இடப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 முதல் பொதுவாகக் கையாளும் கூட்டு வகைப்பாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பிரிவுகள் உள்ளன. எஸ்பாசெநெட்டின் வகைப்பாட்டுப் பக்கத்தில் ஒரு சொல்லை இட்டால், பொருந்தக்கூடிய பிரிவுகளை அதுவே காட்டும். நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் நடக்க உதவும் கருவிகளுக்கு ஏ61எச் 3/00. அதன் கீழ் ஊன்றுகோல்களுக்கு 3/02. சக்கரம் வைத்த நடைக் கருவிகளுக்கு 3/04. ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும், எழுதியவர் எந்தச் சொல்லைக் கையாண்டிருந்தாலும், அது சேரும் இடம் ஒன்றே. அந்தக் குறியீட்டோடு ஓரிரு சொற்களைச் சேர்த்துத் தேடினோம். மூன்றாம் பக்கத்தில் எங்கள் பூட்டு வந்து நின்றது. இந்தச் சேவையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், தயங்காமல் வகைப்பாட்டுத் தேடலையே சொல்வேன்.

ஓர் ஆவணத்தைத் திறந்தால், அடிப்படை விவரம், விளக்கவுரை, உரிமைகோரல்கள், படங்கள், மூல ஆவணம், மேற்கோள்கள், சட்ட நிகழ்வுகள், காப்புரிமைக் குடும்பம் என்று தனித்தனிப் பகுதிகள் வருகின்றன. புதிதாக வருபவர்கள் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, ‘இதற்கு ஏற்கெனவே உரிமை வாங்கிவிட்டார்கள்’ என்று கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பெருந்தவறு. உரிமையின் எல்லையை வரையறுப்பவை உரிமைகோரல்களே. சுருக்கமும் தலைப்பும் எதையும் காப்பதில்லை. ஓர் உரிமைகோரலில் நெம்புகோல், கம்பி, சுருள்வில், இரட்டை ஊசி என நான்கு கூறுகள் இருந்தால், பொதுவாக நான்கும் சேர்ந்த பொருளையே அது காக்கும். சுருள்வில் இல்லாமலேயே அதே வேலையைச் செய்ய வழி உண்டா என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அடுத்த கண்டுபிடிப்பு பிறக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பழைய ஆவணம் ஊசி இறுகாமல் இருக்க வழி தேடியது. நாங்களோ, எடை சாய்ந்திருக்கும்வரை பூட்டு திறக்கவே கூடாது, அதுவே பயனாளிக்குப் பாதுகாப்பு என்று எதிர்த்திசையில் சிந்தித்தோம். அந்தச் சிந்தனையே பிறகு எங்கள் விண்ணப்பத்தின் முதல் உரிமைகோரலாக அமைந்தது.

மேற்கோள்கள் பகுதியை இன்னும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு அலுவலர் தம் தேடல் அறிக்கையில் குறிப்பிட்ட முந்தைய ஆவணங்கள் அங்கே எழுத்துக் குறியோடு வரும். எக்ஸ் என்ற குறி இருந்தால், அந்த ஓர் ஆவணமே விண்ணப்பத்தின் புதுமையையோ கண்டுபிடிப்புத் தகுதியையோ (துறையில் தேர்ந்தவருக்கும் எளிதில் தோன்றாத தன்மை) கேள்விக்குள்ளாக்குகிறது என்று பொருள். ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து. ஏ என்றால் பின்னணித் தகவல் மட்டும். தேர்ந்த அலுவலர் ஒருவர் நமக்காக ஏற்கெனவே தேடி முடித்து வைத்த பட்டியல் இது. நமக்கு நெருக்கமான ஓர் ஆவணம் கிடைத்துவிட்டால், அதன் மேற்கோள்களைப் பின்தொடர்ந்து பழைய காலத்துக்கும், அதை மேற்கோள் காட்டிய ஆவணங்களைப் பின்தொடர்ந்து புதிய காலத்துக்கும் செல்லலாம். இந்த இருதிசைப் பயணத்தில் ஒரு வார இறுதியைச் செலவிட்டால், அந்தத் துறையின் வரலாறு முழுவதும் கண்முன் விரிந்துவிடும்.

காலாவதியான ஆவணங்களின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. உருகிய இழையை அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் உருவாக்கும் முப்பரிமாண அச்சுமுறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்தார். 1992-இல் உரிமை கிடைத்தது. 2009-இல் அது முடிந்தது. அதுவரை பெரிய நிறுவனங்களின் கூடங்களில் மட்டுமே இருந்த அச்சுக்கருவி, அதன் பிறகு மேசை மேல் வைக்கும் அளவிலும் தனிமனிதர் வாங்கும் விலையிலும் பரவியது. தடையாக நின்ற உரிமை விலகியதும் இத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்றால், அந்த இருபது ஆண்டுகளும் புதுமையைத் தடுத்தன என்றல்லவா பொருள் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஜேம்ஸ் வாட் 1769-இல் பெற்ற நீராவிப் பொறி உரிமையை 1775-இல் பாராளுமன்றம் 1800 வரை நீட்டித்தது. பிறர் செய்ய முனைந்த மேம்பாடுகளுக்கு அது முட்டுக்கட்டையாக இருந்தது என்ற விமர்சனம் இன்றும் ஓயவில்லை. உரிமையின் காலமும் எல்லையும் மிகையாகும்போது ஊக்கமே தடையாக மாறிவிடும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எழுதி வைத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால்தான், உரிமை முடிந்த மறுநாளே எவரும் ஆவணத்தைத் திறந்து வேலையைத் தொடங்க முடிகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, சட்ட நிலை. சட்ட நிகழ்வுகள் பகுதியில் வரும் தகவல் அந்தந்த நாட்டு அலுவலகங்கள் அனுப்புவதைப் பொறுத்தது, தாமதமாகலாம், விடுபடலாம். புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாமல் இடையிலேயே உரிமை முடிந்துபோன ஆவணங்கள் ஏராளம் இருந்தாலும், அதை அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் உறுதிசெய்யாமல் தயாரிப்பில் இறங்கக் கூடாது. ஒரு நாட்டில் வழங்கிய உரிமை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும், அதே கண்டுபிடிப்புக்கு வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதைக் குடும்பப் பகுதி காட்டும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது, கடைசி 18 மாதங்களில் முதன்முதலாகத் தாக்கலான விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எந்தத் தேடலிலும் வெளிப்படுவதில்லை. இது தளத்தின் குறையன்று, சட்டத்தின் இயல்பு. மூன்றாவது, மிகப் பழைய ஆவணங்கள் பலவும் படமாக மட்டுமே இருப்பதால் சொல்லை இட்டுத் தேடினால் அகப்படுவதில்லை. அங்கும் வகைப்பாடே துணை. நான்காவது, மொழி. உள்ளே உள்ள இயந்திர மொழிபெயர்ப்பு ஜப்பானிய, சீன ஆவணங்களின் போக்கைப் புரிந்துகொள்ளப் பேருதவி செய்கிறது என்றாலும், உரிமைகோரலின் நுட்பத்தை அதை நம்பி முடிவு செய்ய முடியாது. தமிழில் இந்தத் தளம் கிடைப்பதில்லை. படங்களும் எண்களும் மொழி கடந்தவை என்பதால் வடிவமைப்பாளர் ஓரளவு சமாளிக்கலாம்; வேதியியலில் வேலை செய்பவருக்கு அது போதாது.

இதே வேலைக்கு வேறு இரண்டு இலவசச் சேவைகளும் உண்டு. கூகுள் பேட்டன்ட்ஸ் வேகமானது. வழக்கமான தேடலைப் போலவே பயன்படுத்த எளிதானது. ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்துத் தேடும். ஆனால் உரிமை உயிரோடு இருக்கிறதா என்று அது காட்டும் நிலை ஓர் ஊகமே என்று அந்தத் தளமே குறிப்பிடுகிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், ஒரே விண்ணப்பத்தின் வழியே பல நாடுகளில் உரிமை நாடும் பன்னாட்டு விண்ணப்பங்களுக்கு மூலத்தளம். அவை வியாழக்கிழமைதோறும் அங்கே வெளியாகின்றன. ஒரு மொழியில் தரும் சொல்லுக்குப் பிற மொழிகளின் இணைச்சொற்களையும் சேர்த்துத் தேடும் வசதியும், வேதியியல் அமைப்பைக் கொண்டு தேடும் வசதியும் அதன் தனிச்சிறப்புகள். நான் முதல் மேலோட்டத்துக்குக் கூகுளையும், ஆழ்ந்த தேடலுக்கு எஸ்பாசெநெட்டையும், என் துறையின் புதிய விண்ணப்பங்களைக் கவனிக்கப் பேட்டன்ட்ஸ்கோப்பையும் பயன்படுத்துகிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், வகைப்பாட்டுக்காகவும் மேற்கோள் பகுதிக்காகவும் எஸ்பாசெநெட்டையே வைத்துக்கொள்வேன்.

தேடும் முன்போ விண்ணப்பிக்கும் முன்போ உங்கள் கண்டுபிடிப்பை மேடையிலோ கண்காட்சியிலோ இணையத்திலோ காட்டிவிடாதீர்கள். பல நாடுகளின் சட்டப்படி, உங்களுடைய அந்த வெளியீடே உங்கள் புதுமைக்கு எதிரான சான்றாகிவிடும். ஒரு நாட்டில் முதல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால், 1883-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, அந்த நாளையே முன்னுரிமை நாளாகக் காட்டிப் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் கிடைக்கும். அந்த ஓராண்டுதான் முதலீட்டாளரிடமும் தயாரிப்பாளரிடமும் அச்சமின்றிப் பேசக் கிடைக்கும் காலம்.

எங்கள் விண்ணப்பத்தின் தேடல் அறிக்கையில் ஓர் ஆவணம் ஒய் என்றும், இரண்டு ஆவணங்கள் ஏ என்றும் வந்தன. நாங்கள் முதலில் கண்ட அந்தப் பழைய பூட்டு, ஏ குறியிட்ட இரண்டில் ஒன்று. 18 மாதங்கள் முடிந்து விண்ணப்பம் வெளியான பின், அவ்வப்போது அதன் மேற்கோள்கள் பகுதியைத் திறந்து பார்ப்பது என் வழக்கமாயிற்று. நெடுநாள் அது வெறுமையாகவே இருந்தது. கடந்த ஆண்டு அங்கே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: எங்கள் ஆவணத்தைப் பின்னணியாகக் காட்டி, முன்பின் அறியாத ஒருவர் வேறொரு நாட்டில் தாக்கல் செய்த விண்ணப்பம். எங்கள் பூட்டின் சறுக்குத் தண்டுக்கும் உறைக்கும் இடையே தூசி படிந்தால் அது மெல்ல நகரும் என்பதை அவர் சரியாகக் கண்டுபிடித்து, உறையின் உட்புறத்தில் நீளவாக்கில் மூன்று சிறு பள்ளங்களை வரைந்திருந்தார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எங்கள் வேலைமேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த மாதிரிக்கு அவரிடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது.